மாடியிலிருந்து வந்த கனமான அல்வா

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய மசுயோ அக்காவுக்கு, ஒசாகாவிலிருந்து தங்கை இகுகோ எழுதிக்கொள்வது. இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பதால் நான் ஒருத்திதான் காய்ந்திருக்கிறேன். அத்தானின் முட்டிவலியும் தோட்டத்துப் பேரிக்காய்ப் பிஞ்சுகளும் சௌக்கியம்தானே? என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பள்ளிக்கூடத்தில் நான் ஒழுங்காகக் கற்றது மணியடித்ததும் வெளியே ஓடுவது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வருகிறார்கள், உன் மகன் ரியோஹெய் போனில் எல்லாம் நன்றாகப் போகிறது என்கிறான், என் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில்தானே அவன் கம்பெனி, நிஜமா என்று வேவு பார்த்துச் சொல் என்றாய். பார்த்தேன். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது அக்கா.

அந்த வீடியோ கேம்காரர்கள் குடிவந்தபோது கைவிரலில் எண்ணி அடங்குகிற ஆட்கள்தான், புதிதாகக் குடிவருகிறவர்கள் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிற முறைப்படி எனக்கு நூடுல்ஸ் கட்டு கொண்டுவந்து கொடுத்துக் குனிந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கேமில் ஒரு பையன் வாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவான், பூதங்களிடம் அடிவாங்குவான், சத்திரத்தில் படுத்து எழுந்தால் காயமெல்லாம் ஆறிவிடும், மறுபடி அடிவாங்கப் போவான். நம் அத்தான் தினம் சாராயக்கடைக்குப் போய்வருவதும் இதேதானே, இதை யார் வாங்குவார்கள் என்று நினைத்தேன். நாடே வாங்கியது. மூன்று மாடியும் ஆட்களால் நிரம்பியது. என் கடை வாசலில் நின்றுகொண்டே கட்லட் தின்ற முதலாளி கமதானி, ஆள்விட்டு வாங்கிவரச் சொன்னார். அப்போதே எனக்கு மூக்கில் வேர்த்தது.

அடுத்த கேமில் எல்லாம் நிஜம் மாதிரி இருக்க வேண்டுமாம். ரியோஹெய் கேமராவோடு வந்து என் சூப்புக் கிண்ணத்தின் ஆவியைப் படம் பிடித்தான். பூதம் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டேன். "பூதம் இன்னும் ஆரம்பிக்கல சித்தி. ஆவியே சரியா வரல" என்றான். வருஷக்கணக்காக ஆவி பிடித்தார்கள். சளி பிடித்தவன்கூட அவ்வளவு பிடிக்கமாட்டான்.

கேம் வெளிவந்த பிறகு மீன்கடை தொராகிச்சி என்னைக் கண்டாலே சிரித்தார். ஏனென்று பார்த்தால், அதில் வருகிற சத்திரக்காரிக்கு என் மச்சம், என் தலைத்துணி, "தின்னுட்டுக் கிளம்பு" என்கிற என் பேச்சு. ரியோஹெயைக் கேட்டால், உலகத்தில் ஒரே மாதிரி எத்தனையோ பேர் என்று சட்டிக்குள் பார்த்துக்கொண்டே சொன்னான். அதோடு போயிற்றா? அவள் சத்திரத்தில் படுத்த கதாநாயகன் எழுந்திருக்கவே இல்லை. உள்ளே ஏதோ கோளாறாம். நாடு முழுக்கப் பிள்ளைகள் அவன் முழிப்பானென்று உட்கார்ந்திருக்க, சத்திரக்காரி மட்டும் நன்றாகத் தூங்கு, நன்றாகத் தூங்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். கேமைத் திருப்பிக் கொடுக்கக் கூட்டம். "உன் கைப்பக்குவம் அப்படி இகுகோ. தின்னவன் எப்படி எழுந்திருப்பான்?" என்கிறார் தொராகிச்சி.

அப்புறம் மாடிப்படியில் ஆட்கள் இறங்கவில்லை, நாற்காலிகள் இறங்கின. தினமும் "உங்க தயவுல இருக்கோம்" என்று குனிகிற கமதானி போன வாரம் "உங்க தயவுல இருந்தோம்" என்றார். இருக்கோம் எப்போது இருந்தோம் ஆனது? இதை யோசித்துக்கொண்டே இன்று காலை கடையைத் திறந்தால், வாசலில் ஒரு பெட்டி, கமதானியின் வேலைதான். உள்ளே பயறு அல்வா. மன்னிப்புக் கேட்கிறவன் கொண்டுவரும் பெட்டி எத்தனை கனமோ தப்பும் அத்தனை கனம் என்பது உனக்குத் தெரியாததா? உன் நிச்சயதார்த்தத்தன்று அத்தான் குளத்தில் விழுந்ததற்கே வெறும் அரிசி வறுவல்தான் வந்தது. இதை இரண்டு கையால் தூக்க வேண்டியிருக்கிறது. நிஜமாகவே நமக்கு அல்வா கொடுத்துவிட்டு ஓடப்போகிறார்கள். ஆகவே பெண் வீட்டாரை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டுக்கொள்.

அத்தானுக்கு என் வணக்கம், முட்டிக்குத் தனி வணக்கம். பேரிக்காய் கிளைகொள்ளாமல் காய்க்கட்டும்.

உன் தங்கை,
இகுகோ

பின்குறிப்பு: மேலே எழுதியதை விட்டுத்தள்ளு. உறையை ஒட்டும்போது ரியோஹெய் வந்து நின்றான். கம்பெனி மூடுவது உண்மைதான். ஆனால் அல்வா வைத்தது முதலாளி இல்லை, இவன். "சத்திரக்காரி நீங்கதான் சித்தி, மன்னிச்சிருங்க" என்று தரையில் நெற்றி படக் குனிந்தான். இதற்கா இவ்வளவு கனம் என்றேன். "பாதிதான் அதுக்கு. மீதி, உங்க அரிசி மூட்டை ரூம்ல நாங்க நாலு பேரு புதுசா ஒரு கேம் ஆரம்பிக்கப் போறோம்ல, அதுக்கு" என்றான். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் நிறைய அவன் அல்வா. தின்றுவிட்டு எந்த முகத்தோடு மறுப்பது? இந்தத் தடவை சத்திரக்காரி காதைப் பிடித்து இழுத்துக் கதாநாயகனை எழுப்ப வேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஆகவே பெண் வீட்டார் வரட்டும். உண்மையை அவனே அந்தப் பெண்ணிடம் சொல்லட்டும், நானே காதைப் பிடித்துக் கூட்டிவருகிறேன். இன்னொன்று. குடிவருகிறவர்கள் எனக்கு நூடுல்ஸ் கொடுக்க வேண்டும், அவர்களிடம் இப்போது ஒன்றும் இல்லை. நீ ஒரு கட்டு அனுப்பு, அவர்கள் கொடுத்த மாதிரி வாங்கிக்கொள்கிறேன். கூட வேறெதுவும் வைத்துவிடாதே. பெட்டி கனத்தால் உன்மேலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.