உள்ளேன் டீச்சர்

வீரபாண்டி அங்கன்வாடியின் டீச்சர் இந்துமதி மூன்றாம் முறையாகத் தலைகளை எண்ணினாள். அப்போதும் ஐந்துதான்.

பதிவேட்டில் பதினெட்டுப் பேர். மற்றதெல்லாம் கோயில் கொடைத் திருவிழா என்று தெற்கே ஊருக்குப் போயிருந்தன. இன்றைக்கென்று பார்த்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் மையத்தை மூடிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு. மூடினால், பனியன் கம்பெனிக்குப் போகும் அம்மாக்கள் பிள்ளைகளை எங்கே விடுவார்கள்?

"ரங்காத்தாக்கா, பின்னாடி லைன் ஊட்டுல வடக்கத்திப் பசங்க இருக்குதுங்கல்லோ, கூட்டிட்டு வாங்க!"

உதவியாளர் ரங்காத்தாள் எட்டுப் பேரை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஒன்றுக்கும் தமிழ் தெரியாது.

"பேர் கூப்புட்டா 'உள்ளேன் டீச்சர்'னு சொல்லோணும், கண்ணுகளா," என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினாள் இந்துமதி. சொன்னவர்களுக்கு ஆளுக்கொரு சத்துமாவு உருண்டை. ஐந்தே நிமிடத்தில் தேறிவிட்டார்கள்.

ஆராய்ச்சி மாணவி நாகஜோதி வந்து உட்கார்ந்தாள்.

"ஜெயபாண்டி," என்று ஊருக்குப் போனவன் பெயரைக் கூப்பிட்டாள் இந்துமதி.

"உள்ளேன் டீச்சர்!" என்றன எட்டுக் குரல்கள்.

நாகஜோதி ஒரு பையனிடம் குனிந்தாள். "உம் பேரென்ன?"

"உள்ளேன் டீச்சர்!"

"வயசு?"

"உள்ளேன் டீச்சர்!" உருண்டைக்குக் கையும் நீட்டினான்.

"ஒத்துமையா வளத்திருக்கறமுங்க," என்றாள் ரங்காத்தாள்.

அதற்குள் உருண்டைச் செய்தி லைன் வீடுகளை எட்டிவிட்டது. வாசலில் ஒரு பொடியனும், இடுப்பில் கைக்குழந்தையோடு ஏழு வயதுச் சிறுமியும் நின்றார்கள்.

"இவளும் மூணு வயசா?" என்றாள் நாகஜோதி.

"ஆமாங்க. கொஞ்சம் வளத்தி," என்றாள் ரங்காத்தாள்.

இடுப்பிலிருந்த குழந்தை, நாகஜோதியின் படிவக் கட்டின் மேல் நிதானமாக ஒன்றுக்குப் போனது.

இந்துமதிக்கு அழுகையே வந்துவிட்டது. "மேடம், பொய் சொல்லீட்டனுங்க. இதுக பதிவேட்டுலயே இல்லீங்க. அப்பா அம்மா கம்பெனிக்குப் போயிட்டா, பொழுதுக்கும் ரூமுக்குள்ளயே கெடக்குதுங்க. தயவு பண்ணி மையத்தை மூடீராதீங்க!"

நாகஜோதி எழுந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியே கூப்பிட்டாள். "காசிமாயண்ணே, வண்டியில இருக்க படிவம் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க."

கட்டோடு உள்ளே வந்த டிரைவர் காசிமாயன் வாயைப் பிளந்தார்.

"எந்த அங்கன்வாடியிலயும் சேராத பிள்ளைகளைக் காட்டுங்க, அதுகளுக்குப் புது மையம் கேக்கணும்னு மூணு மாசமா தெருத்தெருவா அலைஞ்சோமே... அம்புட்டுப் பேரும் இங்கனதான் இருக்காகளா!"