காதுப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு

டாக்டரிடமும் நல்ல மார்க் வாங்கத் துடிக்கும் இனம் ஒன்று உண்டு. சர்க்கரை பார்ப்பதற்கு மூன்று நாள் முன்பிருந்து இனிப்பைத் தொடமாட்டார்கள், எடை மெஷினில் செருப்போடு கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள், ரத்த அழுத்தம் சரியாக இருந்துவிட்டால் தெருவில் நாலு பேரை நிறுத்திச் சொல்வார்கள். நோய்? அது இருந்த இடத்தில் சௌக்கியமாக இருக்கும். இந்த இனத்தின் தலைவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று அவருக்குத்தான் முகச்சவரம் செய்கிறேன்.

எனக்கு நுரையீரலில் பிடிவாதக் கிருமி. டாக்டர் ஆன்டிபயாடிக் ஊசி எழுதினார். "பல வாரம் போடணும் சார். சில பேருக்கு இது காதைக் கெடுத்துடும், போனது திரும்ப வராது. அதனால வாரா வாரம் காதை டெஸ்ட் பண்ணுவோம். இரைச்சல் கேட்டா உடனே சொல்லுங்க, வேற மருந்து இருக்கு" என்றார். மற்றவர்களுக்கு இது எச்சரிக்கை. எனக்கோ வாரா வாரம் பரீட்சை!

மூன்றாம் வாரம் காதுக்குள் 'ஙொய்' என்றது. பிரிட்ஜ் மேல் பழியைப் போட்டேன். அதை அணைத்தும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு பிரிட்ஜ் மேல் போட்டேன். "இரைச்சல் ஏதாவது?" என்ற டாக்டரிடம், "இல்லவே இல்ல!" பரீட்சை அறையில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார் சோதிக்கும் பெண். முதலில் சில கேட்டன, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கண்ணாடிக்கு அப்பால் மெஷினை இயக்கும் அவர் விரல் தெரிந்தது. அது அசைந்தபோதெல்லாம் அமுக்கினேன். "பிரமாதம் சார், கொஞ்சங்கூடக் குறையல!" வாயெல்லாம் பல்லாக வீடு திரும்பினேன். ஊசி தொடர்ந்தது.

மனைவியிடம் இந்த வித்தை பலிக்குமா? ஒரு நாள் என் அக்குளில் இருந்த டிஜிட்டல் தெர்மாமீட்டரை அவள் வெடுக்கென்று உருவினாள்.

"இது கீச்சுகீச்சுனு கத்தி ஓஞ்சே போச்சு. உங்களுக்குக் கேக்கலையா?"

"எனக்கா? போன வாரம்தான் நூத்துக்கு நூறு!"

அடுத்த பரீட்சைக்கு அவளும் வந்தாள். ஒரு நிமிடம் என் கண் போகும் இடத்தையே பார்த்தாள். "ஏம்மா, அவரோட நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடேன்" என்றாள் சோதிக்கும் பெண்ணிடம்.

படுதோல்வி. டாக்டர் அன்றே மருந்தை மாற்றினார். மனிதர் பேச்சைக் கேட்கும் அளவுக்குக் காது தப்பியது. தெர்மாமீட்டரின் கீச்சுக்குரல் எனக்குப் போனது போனதுதான். என் காதை நானே ஏமாற்றிக் கெடுத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. அந்த அளவுக்குக் காது மிச்சம். அதுசரி, "மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா?" என்று போன வாரம் டாக்டர் கேட்டபோது, பாதி அட்டை வீட்டு மேஜையில் தீராமல் கிடக்க, "ஆமா டாக்டர்" என்றீர்களே. உங்கள் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறதா?