ஏழு மொழிகளில் இறந்த டீச்சர்

இலக்கியத்தை உலகுக்கு அளிப்பவர்கள் எழுத்தாளர்கள் என்றொரு மூடநம்பிக்கை நெடுங்காலமாக உலவி வருகிறது. உண்மையில் அந்தத் திருப்பணியைச் செய்துவருபவர்கள் மொழிபெயர்ப்பு உரிமை விற்பவர்களே. எழுதுகிறவர் எழுதிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார். அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று கண்டுபிடித்து, அதை எந்த நாட்டுக்காரரும் வாங்க மாட்டார் என்பதையும் கண்டுபிடித்து, உண்மையில் அவர் எதை எழுதியிருக்க வேண்டும் என்று தீர்மானித்து, எழுதாத அந்த ஒன்றை விற்றுவிட்டு வருவது லேசுப்பட்ட காரியமா?

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவருக்கு இந்த உண்மை சற்றுத் தாமதமாகத்தான் விளங்கியது.

அவர் ஒரு நாவல் எழுதியிருந்தார். பெயர் ‘இரண்டாவது கியர்’. ஐம்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் கணக்கு டீச்சர் ஒருவரின் கதை. அந்த டீச்சர் வேறு யாருமில்லை, அவருடைய மனைவிதான். மூன்றாவது கியரை ஆடம்பரம் என்று கருதியவர். வலப்பக்கம் திரும்புவது ஆபத்து என்று கணக்குப் போட்டு, மூன்று முறை இடப்பக்கமாகத் திரும்பி அதே இடத்துக்குப் போய்ச் சேருபவர். பின்னால் ஹாரன் அடிக்கும் லாரிக்காரர்களை வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, “கையைக் கட்டி நில்லு” என்று அதட்டுபவர். கண்ணாடிக்காரர் இதையெல்லாம் பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்து, விழுந்து விழுந்து சிரித்து எழுதியிருந்தார்.

புத்தகம் சொந்த மொழியில் அமோக வரவேற்பைப் பெற்றது. அதாவது, கடைக்கு வந்தவர்கள் வரவேற்றார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் அவர் ஒரு பிரதி வைத்திருந்தார். புதுக்கண்ணாடி போட்டுப் பார்க்கிறவர்கள் அதை எடுத்து நாலு வரி படிப்பார்கள். “ரொம்பத் தெளிவா இருக்கு” என்பார்கள். கண்ணாடிக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஓர் எழுத்தாளனுக்கு இதைவிட என்ன பாராட்டு வேண்டும்? ஆனால் மனித மனம் திருப்தி அடையாதது. ஐந்தாவது வரியையும் யாராவது படிக்க மாட்டார்களா என்று அவருக்கு ஓர் ஏக்கம்.

அந்தச் சமயத்தில்தான் பதிப்பகம் ‘சர்வதேச உரிமை இயக்குநர்’ என்ற பதவியை உருவாக்கி, அதில் ஒருவரை அமர்த்தியது. அவருக்குத் தனி அறை கிடையாது. கிடங்குக்குப் போகிற வழியில் ஒரு மேசை. ஆனால் மேசைமேல் உலக உருண்டை இருந்தது. கழுத்தில் எப்போதும் ஏதோ ஒரு புத்தகச் சந்தையின் அடையாள அட்டை தொங்கியது. குளிக்கும்போதும் கழற்ற மாட்டார் என்று பேச்சு.

கண்ணாடிக்காரரை வரவழைத்து, உட்காரச் சொல்லி, உருண்டையை ஒருமுறை சுற்றிவிட்டு, இயக்குநர் விசாரணையைத் தொடங்கினார்.

“உங்க நாவல்ல யாரு சார் சாகுறாங்க?”

“யாரும் சாகல சார். ஒரு தடவ கார் சுவத்துல இடிக்குது.”

“சுவருக்கு என்ன ஆச்சு?”

“கொஞ்சம் பூச்சு உதிர்ந்துச்சு.”

இயக்குநர் ‘இழப்பு’ என்று குறித்துக்கொண்டார். போதவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

பிறகு அவர் உலக இலக்கியத்தின் இயங்குவிதிகளைப் பொறுமையாக விளக்கினார். சந்தையில் ஒவ்வொரு மேசையிலும் கிடைப்பது அரை மணி நேரம். அதில் பாதி கைகுலுக்குவதற்கும் காபிக்கும் போய்விடும். மிச்சமிருப்பதற்குள் எதிரில் இருப்பவரின் கண் கலங்க வேண்டும். நகைச்சுவை நாவலை எடுத்துப் போனால், எங்கே சிரிக்க வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆள் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பான்.

“சிரிப்பு எல்லை தாண்டாது சார். சுங்கத்துலயே புடிச்சு வச்சுக்குவாங்க. அழுகைக்குத்தான் விசா வேண்டாம்,” என்றார்.

சில வாரங்களில் பளபளவென்று ‘கேட்டலாக்’ வந்தது. அதில் கண்ணாடிக்காரரின் நாவலுக்குக் கீழே, ‘உண்மைக் கதை. ஒரு பெண். ஒரு கார். திரும்பி வராத ஒரு சாலை’ என்று போட்டிருந்தது. அவர் பதறிப்போய், டீச்சர் ஒவ்வொரு அத்தியாயத்திலும் பத்திரமாக வீடு திரும்பிவிடுகிறாரே என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டால் பக்கத்து நாடுகூட வாங்காது என்று இயக்குநர் ஆறுதல் சொல்லி விமானம் ஏறினார். திரும்பி வரும்போது ஏழு மொழிகளில் ஒப்பந்தம் ஆகியிருந்தது. பதிப்பகத்தில் கேக் வெட்டினார்கள். ஏழு நாட்டுக் கொடிகள் செருகிய கேக். கேக் தீர்ந்ததும் இயக்குநர் கண்ணாடிக்காரரின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். கடைசி அத்தியாயத்தில் மட்டும் ‘சின்னத் திருத்தம்’ வேண்டும் என்றார்.

அன்று மாலை டீச்சர் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் எதிரில் உட்கார்ந்து, எழுந்து, தண்ணீர் குடித்து, மறுபடி உட்கார்ந்தார்.

“உன்னக் கொல்லணுமாம்,” என்றார்.

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடவில்லை. “எத்தன மொழியில?”

“ஏழு.”

“எப்படி?”

“கார் விபத்துன்னு நெனச்சிருக்கேன்.”

இப்போதுதான் டீச்சர் நிமிர்ந்தார். சாவதில் தனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை, ஆனால் தவறு தன்மேல் இருக்கக் கூடாது என்றார். எதிரில் வருகிறவன் தப்பான பக்கத்தில் வர வேண்டும். தான் இண்டிகேட்டர் போட்டிருக்க வேண்டும். மறுநாள் பள்ளியில் யாரும், டீச்சர் ஓட்டத் தெரியாமல் ஓட்டிச் செத்தார் என்று பேசிவிடக் கூடாது. செத்த பிறகு மறுநாள் பள்ளிக்கு எப்படிப் போவார் என்று கண்ணாடிக்காரர் கேட்கவில்லை. ஒப்புக்கொண்டதே பெரிது என்று எழுதப் போய்விட்டார்.

எழுத எழுத அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. வார்த்தைகள் வரிசை கட்டி வந்தன. டீச்சரின் செருப்புச் சத்தம், கைவிரலில் சுண்ணக்கட்டி வாசம், கணக்கு சரியாக வந்துவிட்டால் உதட்டோரத்தில் வருகிற அந்தச் சிரிப்பு, எல்லாம் வந்தன. லாரி வரும் இடத்தில் அவர் நிஜமாகவே அழுதார். அன்றிலிருந்து ஒரு புது வழக்கமும் ஒட்டிக்கொண்டது. டீச்சர் காரை எடுத்துக்கொண்டு போனால், அது திரும்பி வந்து வாசலில் நிற்கும்வரை மாடியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வண்டி கண்ணில் பட்டதும் உள்ளே ஓடி வந்து செய்தித்தாளை விரித்துக்கொள்வார்.

டீச்சர் அந்த அத்தியாயத்தை ஒரே மூச்சில் படித்தார். ஒரு சந்திப்பிழையைத் திருத்தினார். சிவப்புப் பேனாவை மூடிவைத்தார்.

“நல்லா இருக்கு,” என்றார் கடைசியில். “இதுல பாதியாவது எங்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாம். நான் இங்கதானே இருந்தேன்.”

கண்ணாடிக்காரர் செய்தித்தாளைத் தேடினார்.

ஏழில் ஒரு நாட்டிலிருந்து பதிப்பாசிரியர் அம்மையார் ஒருவர் துக்கம் விசாரிக்க நேரிலேயே வருவதாகத் தகவல் வந்தது. இயக்குநர் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். டீச்சர் ஒருநாள் மட்டும் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டால் இலக்கியம் பிழைக்கும் என்றார். விடைத்தாள் கட்டு பாக்கி இருக்கிறது, எங்கும் போவதற்கில்லை என்று டீச்சர் சொல்லிவிட்டார். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, இறந்தவரின் உடன்பிறந்தவராக வீட்டிலேயே இருக்கலாம் என்று உடன்பாடு ஏற்பட்டது.

“அக்காவா வேணா இருக்கேன்,” என்றார் டீச்சர். “தங்கச்சியா இருந்து எனக்குப் பழக்கமில்ல.”

இப்படியாக அவர் தனக்குத்தானே அக்கா ஆனார். சுவரில் இருந்த போட்டோக்களை இயக்குநர் தம் கையாலேயே கழற்றிப் பரண்மேல் போட்டார். அவை இருந்த இடத்தில் சுண்ணாம்பு வெளுப்பாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. வந்த அம்மையார் முதலில் பார்த்தது அந்தக் கட்டங்களைத்தான். பார்க்கச் சகிக்காமல் கணவர் படங்களை எடுத்துவிட்டார் என்று தாமாகவே புரிந்துகொண்டு விம்மினார். அட்டைப் படத்துக்கு ஆகும் என்று வெற்றுச் சுவரைப் பல கோணங்களில் படமும் எடுத்துக்கொண்டார்.

அவருடைய மொழி அந்த அறையில் இயக்குநருக்கு மட்டுமே தெரியும். மாலை வகுப்பில் கற்றிருந்தார். அம்மையார் நீளமாகப் பேசினால் இயக்குநர் இரண்டு சொல்லில் முடித்தார். கண்ணாடிக்காரர் இரண்டு சொல் சொன்னால் இயக்குநர் மூச்சு வாங்குமளவு பேசினார். ‘காபி சூடா இருக்கு’ என்று கண்ணாடிக்காரர் எச்சரித்தது எந்த வடிவத்தில் போய்ச் சேர்ந்ததோ, அம்மையார் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார்.

அது நடிப்பில்லை. பாவம், அந்த அம்மையார் நிஜமாகவே அழுதார். முன்பின் தெரியாத ஒரு பெண் இவ்வளவு தூரம் விமானத்தில் வந்து தனக்காக அழுவதை டீச்சரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் அருகில் போய் உட்கார்ந்தார்.

“அழாதீங்கம்மா. நான்தான் அவ. எனக்கு ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கேன்,” என்றார்.

கண்ணாடிக்காரருக்கு உயிர் போய்விட்டது. இயக்குநர் ஒரு கணம்கூடத் தயங்காமல் மொழிபெயர்த்தார். அம்மையார் காதுகொடுத்துக் கேட்டார். டீச்சரின் முகத்தையே பார்த்தார். பிறகு பெருங்குரலெடுத்து அழுது அவரைக் கட்டிக்கொண்டார்.

அம்மையாரை வண்டியில் ஏற்றி அனுப்பியதும் கண்ணாடிக்காரர், என்ன பொய் சொல்லிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். இயக்குநர் புண்பட்டுப் போனார்.

“பொய்யா? ஒரு வார்த்த மாத்தல சார். ‘நானேதான் அவள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை’ன்னு அப்படியே சொன்னேன். குரல மட்டும் லேசா தழுதழுக்க வச்சேன்.”

மொழிபெயர்ப்பில் இத்தகைய நேர்மை அபூர்வம். அந்த வாக்கியம் ஏழு மொழிகளிலும் பின்னட்டையில் அச்சானது.

ஏழு நாடுகள் அழுத செய்தி பத்திரிகைகளில் வந்ததும், சொந்த மொழிக்காரர்களுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. இப்படியொரு துயரக் காவியம் நம் மொழியில் இல்லையே என்று பதிப்பகத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. சிரித்த பழைய பிரதிகள் கிடங்கிலிருந்து பழைய பேப்பர் கடைக்குப் போயின. அழுகிற புதுப் பதிப்பு, ‘ஏழு மொழிகளைக் கடந்து இப்போது எட்டாவது மொழியில்’ என்ற பட்டையோடு வந்தது. இதுவரை எட்டாத மொழி எட்டாவது மொழியானதை இயக்குநரின் ஆகப் பெரிய சாதனை என்றே சொல்ல வேண்டும்.

வெளியீட்டு விழா மண்டபத்தில் உட்கார இடமில்லை. கடை வாடிக்கையாளர்கள், குடியிருப்புக்காரர்கள், டீச்சரோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் புத்தகம். எல்லார் முகத்திலும் துக்கம். டீச்சரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் தினமும் அவருக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிற அண்டை வீட்டுக்காரர் இருக்கையை நகர்த்திக்கொண்டு வந்து, கண்ணைத் துடைத்தபடி, “நேத்துக்கூட அவங்க வண்டி எடுத்துட்டுப் போனதப் பாத்தேன் டீச்சர். நம்பவே முடியல,” என்றார். டீச்சர் அவருக்குத் தைரியம் சொன்னார்.

பதிப்பாளர் ஒலிபெருக்கியில், மறைந்த நாயகிக்காக எல்லாரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காக்கும்படி கேட்டுக்கொண்டார். மண்டபம் முழுவதும் எழுந்தது. டீச்சரும் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்துப் பழக்கம், முதுகை வளைக்காமல் நின்றார். மேடையில் நின்ற கண்ணாடிக்காரரால் மட்டும் அவரை நேராகப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குப் போகும்போது வழக்கம்போல டீச்சர்தான் ஓட்டினார். கண்ணாடிக்காரர் பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். உன்னை உயிரோடு உட்கார வைத்துவிட்டு அப்படி நிற்கவைத்தது தப்பு, மன்னித்துவிடு என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

“அந்த மௌனம் எனக்கில்லங்க,” என்றார் டீச்சர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் உயிரோட இருந்தேனே, அந்த மொதப் புத்தகத்துக்கு. அதுக்காக இவங்க எல்லாரும் ரெண்டு வருஷமா மௌனமாத்தான் இருந்தாங்க. இன்னிக்குத்தான் எழுந்து நின்னாங்க.”