அக்கா வெட்டிய ‘நொட்’டுகள்

ஒரு கணினியைக்கூடத் தொட்டுப் பார்க்காமல், கணினி விஞ்ஞானிகளுக்குப் புத்தி சொல்லக் கட்டுரை அனுப்பியவள் நான். (பல்கலைக்கழகத்தில் ஒரு தடவை கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். உள்ளே போவதென்றால் செருப்பைக் கழற்ற வேண்டும். என் செருப்பின் அறுந்த வாரை ஊசி குத்திச் சேர்த்திருந்ததால் வெட்கமாக இருந்தது.)

எண்பதுகளின் நடுப்பகுதி. பட்டம் முடித்துவிட்டு கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு அக்கராயனில். எங்கள் வீட்டுக்கு மின்சாரம் இன்னும் வரவில்லை. அப்போதுதான் என்னுடைய பழைய விரிவுரையாளர், கணினி விஞ்ஞானத்தில் தர்க்கம் பற்றி வெளிநாட்டில் நடக்கவிருந்த மாநாட்டின் அறிவித்தலை அனுப்பிவைத்தார். அன்றிலிருந்து என் கால் நிலத்தில் படவில்லை.

என் கட்டுரையின் சாரம் இதுதான். ஒன்று ‘இல்லாமல் இல்லை’ என்று நிரூபிப்பதும், அது ‘இருக்கிறது’ என்று நிரூபிப்பதும் ஒன்றல்ல. குடை வீட்டில் இல்லாமல் போக வழியில்லை என்று அம்மா அடித்துச் சொல்லலாம். அதைத் தேடி எடுத்துக் கையில் தந்தால்தானே நனையாமல் பள்ளிக்கூடம் போகலாம்? கணினியும் அப்படித்தான், எடுத்துத் தந்தால்தான் நம்பும். தட்டச்சு இயந்திரத்தில் தர்க்கக் குறியீடுகள் கிடையாது. ஆகவே மறுப்பு வரும் இடங்களில் ‘நொட்’ (not, ‘இல்லை’) என்ற ஆங்கிலச் சொல்லையே எழுதினேன். இரட்டை மறுப்புக்கு ‘நொட் நொட்’. கட்டுரையின் உயிரே அந்த இரட்டை நொட்தான்.

தட்டச்சு செய்து தந்தவர் என் அக்கா. டவுனில் ஒரு தட்டச்சு நிலையத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். பிழையில்லாமல் அடிப்பதில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. கடைசித் திகதி நெருங்கிவிட்ட ஒரு நாள் பின்னேரம், பிரதிகளைக் கையில் தந்தார். முதல் பக்கத்தின் நடுவில் என் பெயர். பெயருக்குப் பின்னால் பட்டம். அந்த அழகை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, மற்றப் பக்கங்களைப் புரட்டாமலே தபாலில் சேர்த்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் கார்பன் பிரதியை விரித்தேன். முதலாவது தேற்றம்: ‘ஒரு கூற்று உண்மையானால், அது பொய்.’ அதாவது, குடை வீட்டில் இருந்தால், அது வீட்டில் இல்லை. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். இரட்டையாக நின்ற நொட்டெல்லாம் ஒற்றையாகிவிட்டிருந்தன.

என்னையறியாமல் எழும்பி நின்றுவிட்டேன். கொண்டக்டர் பரிவோடு வந்தார்.

“என்ன தங்கச்சி, என்னத்தைத் துலைச்சுப்போட்டீங்கள்?”

“நொட்” என்றேன், வேறு சொல் வாயில் வரவில்லை.

“தோடோ?” என்றவர் என் காதுகளைப் பார்த்தார். இரண்டு காதிலும் தோடு இருந்தது. அதற்குள் பஸ்ஸில் பாதிப்பேர் குனிந்து கதிரைகளின் கீழே தேடத் தொடங்கியிருந்தார்கள். நான் இடையில் இறங்கித் திரும்பவும் டவுனுக்கு ஓடினேன். தபால் பை வவுனியாவுக்குப் போய்விட்டிருந்தது. இன்னொரு பிரதி கடைசித் திகதிக்குள் போய்ச் சேர வழியே இல்லை.

அக்கா நிலையத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“நீ எல்லா இடத்திலயும் ரெண்டு தரம் எழுதினனீ. அவசரத்தில எழுதினதெண்டு நான் ஒண்டை வெட்டிப்போட்டன்” என்று சொல்லிவிட்டு, நன்றியை எதிர்பார்த்து நின்றார்.

எனக்கு அழுகை வந்தது. அக்காவுக்கு அப்போது ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதுதான் நினைவில் வந்தது.

“போன கிழமை அப்பா கேட்டதுக்கு என்ன சொன்னனீங்கள் அக்கா? விருப்பமில்லாமல் இல்லை எண்டனீங்கள். அப்ப அது விருப்பமோ?”

“அதெப்பிடி? அது வேற, இது வேற.”

“அதுதான் அக்கா என்ர கட்டுரை.”

அக்கா பூட்டைத் திறந்து, உள்ளே போய்க் கதிரையில் இருந்து, கார்பன் பிரதியை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். என் கட்டுரையை முழுதாக வாசித்து விளங்கிக்கொண்ட முதல் ஆள் அவர்தான்.

சில மாதங்களுக்குப் பிறகு பதில் வந்தது. மதிப்பிட்டவர்களில் ஒருவர், கட்டுரையாசிரியை முதல் தேற்றத்தில் தர்க்கத்தையே கவிழ்த்துவிட்டு, மிச்சப் பக்கங்களில் எல்லோருக்கும் தெரிந்ததை நிரூபிக்கிறார் என்று எழுதியிருந்தார். நியாயம். மற்றவர் தனியாக அறிக்கை எதுவும் எழுதவில்லை. என் கட்டுரையையே திருப்பி அனுப்பியிருந்தார். எங்கே ஒரு நொட், எங்கே இரண்டு என்று தானே கணக்குப் பார்த்து, வெட்டுப்பட்ட ஒவ்வொன்றையும் பென்சிலால் திரும்ப வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி: நிரூபணம் சரி, அடுத்த வருடம் அனுப்புங்கள்.

முகம் தெரியாத ஒருவர் எனக்காக உட்கார்ந்து என் நொட்டுகளைத் தேடியிருக்கிறார். அன்றைக்கு எனக்கிருந்த பெருமிதம் பிறகு பேராசிரியையானபோதுகூட வரவில்லை. அம்மா அந்தப் பக்கங்களை முற்றத்தில் வைத்து அயலட்டை முழுவதற்கும் காட்டினார். பென்சில் எழுத்தெல்லாம் பாராட்டு என்று சொல்லிவைத்தார்.

அடுத்த வருடம் அக்காவே திரும்ப அடித்தார். கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். என்னால் போக முடியவில்லை. பாதைகள் அடிக்கடி மூடப்பட்ட காலம், பயணச்சீட்டுக்கும் வழியில்லை. ஆனால் மாநாட்டுக் கட்டுரைகளின் புத்தகம் வந்து சேர்ந்தது. அந்த நாளில் இப்படிப்பட்ட புத்தகங்களில் அனுப்பிய பக்கத்தை அப்படியே படம்பிடித்துத்தான் அச்சடிப்பார்கள். ஆகவே கிளிநொச்சியில் அக்கா அடித்த எழுத்துகள்தான் இன்றைக்கும் உலகத்து நூலகங்களில் இருக்கின்றன. இரண்டாம் பக்கத்தில் ‘த’ (the) என்ற ஆங்கிலச் சொல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முறை நிற்கும். அது உண்மையிலேயே என் கைப்பிழை. அக்கா அதைக் கண்டிருந்தும் தொடவில்லை.

போன வருடம் அக்காவின் மகன் வெளிநாட்டு நூலகம் ஒன்றில் அந்தப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினான். இரண்டு ‘த’வில் ஒன்றை யாரோ பேனையால் வெட்டியிருந்தார்கள். அக்கா உடனே அவனுக்குப் போன் எடுத்தார்.

“ஆரடா வெட்டினது? எழுதினவளைக் கேட்டவனோ?”

இப்போது எங்கள் வீட்டில் யார் மிஞ்சிய கறியைக் கொட்டினாலும், பழைய சட்டையை எறிந்தாலும், முதலில் வருவது அந்த ‘எழுதினவளைக் கேட்டவனோ?’தான்.