திட்டு வாங்கிய குழாய்

செருப்புக்கடை மாடியில் கூட்டம் தாங்கவில்லை. படிக்கட்டு முழுக்க நாய். நாய்க்குப் பயந்த பூனை. பூனைக்குப் பயந்தபடி கூடையைப் பிடித்திருக்கும் மனிதர். எல்லாரும் பொன்னொளியாரைப் பார்க்க வந்தவர்கள். பிராணியின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து அவர் ஒரு மணி நேரம் மந்திரம் சொல்வார். சிவப்பான சாபம் அடியில் இறங்கும். தங்க நிறத்தில் அருள் மேலே நிற்கும். அதில் மூன்று சொட்டு மூக்கில் விட்டால் நோய் ஓடிவிடுமாம். ஓடியது நோயா, நோயாளியா என்று யாரும் விசாரித்ததில்லை.

வரிசையில் ஒரு தையற்காரி, மடியில் பொத்தான். பொத்தான் அவள் நாய். எலிமருந்தைத் தின்றுவிட்டு, இரண்டு நாளாக ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கால்நடை மருத்துவமனையில் ரத்தம் சோதிக்கும் வேலை பார்க்கும் அவள் தங்கை, தூக்கிக்கொண்டு வா என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். சொந்தத் தங்கை சொன்னால் யாருக்குத்தான் ஏறும்? எலிமருந்தைத் தின்ன வைத்ததே சாபம்தான் என்று பொன்னொளியார் சொன்னது மட்டும் நன்றாக ஏறியது.

தங்கை மாடிக்கே வந்துவிட்டாள். அக்கா எழுந்திருக்க மாட்டேன் என்றாள். நேரம் போகப் போகப் பொத்தான் துவண்டது. தங்கை உறைந்த பிளாஸ்மா பை ஒன்றை உருக வைக்கும்படி மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டு, பொன்னொளியார் எடுத்த ரத்தத்தில் பாதியை இன்னொரு குழாயில் கேட்டாள். கூட்டம் பார்க்கிறதே, அவரால் மறுக்க முடியவில்லை.

"அவர் மந்திரம் சொல்லட்டும்க்கா. நீ இதத் திட்டு."

"என்னன்னுடி திட்றது?"

"காலையில துணியக் குடுத்துட்டு சாயங்காலமே வேணும்னு நிப்பாங்களே, அவங்கள நெனச்சுக்க."

அவ்வளவுதான். அக்கா மடை திறந்தாள். அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொள்கிறவர்களையும் விடவில்லை. பூனைகள் காதை மடக்கிக்கொண்டன.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், இரண்டு குழாயிலும் அடியில் சிவப்பு, மேலே மஞ்சள். திட்டு வாங்கியதில் அருள் ஒரு நூல் கூடுதலாகவே இருந்தது.

"உறையாம இருக்க மருந்து தடவின குழாய் இது. எங்ககிட்டயும் இருக்கு. சும்மா வெச்சாலே ரத்தம் இப்படித்தான் பிரியும்," என்றாள் தங்கை. "மேல நிக்கிறதுதான் பிளாஸ்மா. ரத்தத்த உறைய வைக்கிற சத்து அதுலதான் இருக்கு. பொத்தானுக்கு அது ஊறவிடாம எலிமருந்து தடுத்துடுச்சு. நல்லா இருக்கற நாயோடத நரம்புல ஏத்தணும். மூக்குல விட்டா தும்மல்தான் வரும்."

பொன்னொளியார் வாயைத் திறந்தார். அதற்குள் தங்கை முந்திக்கொண்டு, அவர் வீட்டு நாய்க்கு வியாழக்கிழமை தங்கள் மருத்துவமனையில் தடுப்பூசி இருப்பதை நினைவுபடுத்தினாள். அக்கா பொத்தானைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

மருத்துவமனையில் மஞ்சள் பை சொட்டுச் சொட்டாக இறங்கியது. கூடவே விஷமுறிவு ஊசி. சாயங்காலம் ஈறில் கசிவு நின்றது. அக்கா பொத்தானைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

இரண்டாம் நாள் தையற்கடை வாசலில் கூட்டம். எல்லார் கையிலும் கூடை. அக்கா வாய்க்கு ராசி இருக்கிறதாம். தங்கள் பூனையையும் கொஞ்சம் திட்டவேண்டுமாம்.

அக்கா திட்டினாள். பூனையை அல்ல.

"என் நாய் பொழச்சது என் தங்கச்சி கேள்வி கேட்டதால. உங்க பூனைக்குன்னு யாரு இருக்கா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. அதுக்கு யோசிக்கத் தெரியாது, நீங்கதான் யோசிக்கணும்."