மாமாவை இறக்கிவிட்ட ரயில் வரலாறு

பினாங்குத் தீவில் பிறந்தவன் ரயிலைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் ஊரில் தண்டவாளமே கிடையாது. ரயில் பிடிக்க ஃபெரி ஏறிக் கடலைத் தாண்ட வேண்டும். இது தெரிந்தும் நான் வாயைத் திறந்தேன், அதுவும் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு, வருங்கால மாமனாரிடம்.

பாரிட் புந்தாரில் இருக்கும் பெண்ணின் பெரியப்பாவை நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். (அழைக்காவிட்டால் வரமாட்டார், அழைத்தாலும் முறைப்பார்.) மாமா, அத்தை, நான் மூவரும் கிளம்பினோம். மாமா பேசாத ஆள். எனக்கோ இரண்டு நிமிடம் யாரும் பேசாவிட்டால் உள்ளங்கால் அரிக்கும். மழை, வெயில், டுரியான் பழத்தின் விலை எல்லாவற்றையும் ஃபெரியிலேயே பேசித் தீர்த்துவிட்டேன். ரயில் ஏறியபோது கைவசம் மிச்சமிருந்தது, வழியில் வரும் ஒரு சின்ன ஸ்டேஷனின் வரலாறுதான். ஃபோனில் படித்தது.

“மாமா, அடுத்த ஸ்டேஷன் ரொம்பப் பழசு. பலகைக் கட்டடம், தகரக் கூரை. எஸ்டேட் ரப்பரெல்லாம் இங்கதான் ஏத்துவாங்களாம். ஒத்தைப் பாதைங்கிறதால எதிர் ரயில் வர்ற வரைக்கும் நிக்கும். ஆளுங்க இறங்கி, தேத்தண்ணி குடிச்சிட்டு ஏறுவாங்களாம்.”

மாமா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். “அப்ப இறங்கிப் பார்க்கலாமா தம்பி?”

“தாராளமா மாமா!”

அத்தை மடியில் பழத்தட்டு. “நீங்க போங்க, நான் உட்கார்ந்திருக்கேன்” என்றார்.

இறங்கினோம். பலகையும் இல்லை, தகரமும் இல்லை. சிமெண்ட் மேடை, மேம்பாலம், அவ்வளவுதான். “எங்க ஸ்டேஷன்?” என்று மாமா கேட்கும்போதே பின்னால் ‘கீங் கீங்’ என்றது. கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தை, தட்டோடு, எங்களைப் பார்த்தபடியே போய்விட்டார். அவருடைய ஃபோன் மாமாவின் சட்டைப் பையில் இருந்தது.

மீதி வரலாற்றை அப்போதுதான் படித்தேன். இரட்டைப் பாதை போட்டபோது அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்களாம். எந்த ரயிலும் இப்போது எதற்காகவும் காத்திருப்பதில்லையாம். அந்த நேரம் பார்த்து எதிர் ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் விர்ரென்று போனது.

“வந்திருச்சு தம்பி” என்றார் மாமா.

அத்தை பசாருக்கு மீன் வாங்கக்கூடத் தனியாகப் போனதில்லை. கார் ஒன்றைக் கூப்பிட்டுவிட்டு, மாமா மேடையின் அந்த முனைக்கு நடந்தார். நான் இந்த முனைக்கு. நடுவில் சந்திக்கும்போதெல்லாம் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். பத்திரிகை அடித்த காசு வீண் என்று முடிவே செய்துவிட்டேன்.

பாரிட் புந்தார் ஸ்டேஷனில் தேடினோம், அத்தை இல்லை. கார் பெரியப்பா வீட்டு வாசலில் நின்றபோது உள்ளே ஒரே சிரிப்பு. அத்தை சரியான ஸ்டேஷனில் இறங்கி, வழி கேட்டு, அழைத்தும் முடித்து, மீன் கறியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். (அவருக்குப் பல் இருப்பது மாமாவுக்கே அன்றுதான் தெரிந்தது.)

“பயந்துட்டியா?” என்று அத்தையிடம் கேட்டார் மாமா.

“இல்ல லா. ஜன்னலோரம், பேச ஆளில்ல. நிம்மதியா இருந்துச்சு.”

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் அத்தைக்கு ரயில் ருசி பிடித்துவிட்டது. தைப்பிங், ஈப்போ என்று தனியாகக் கிளம்பிவிடுகிறார். அந்த நாள்களில் மாமா எனக்கு ஃபோன் செய்கிறார். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

“மாப்பிள்ள, சோத்துக்கு எத்தன கப் தண்ணி ஊத்தணும்?”