பாஸ்கருக்கு வந்த சம்பந்தம்

தனியாக இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததே இல்லை. அந்தக் கோழைத்தனத்தால் என் தங்கையை ஓர் ஓணானுக்குக் கட்டிவைக்க இருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. அடி அண்ணாமலையைத் தாண்டி, காட்டோரமாக இருந்த உயிரியல் ஆய்வு நிலையத்தில் வேலை. நிலையம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு அறை, ஒரு தகரக் கொட்டகை, நான். பேராசிரியர் மாதத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து வருவார். மற்ற நாளெல்லாம் ஓணான்களைப் பிடித்து, அளந்து, முதுகில் நெயில் பாலிஷால் புள்ளி வைத்து விட்டுவிட்டு, அவை என்ன செய்கின்றன என்று எழுதிக்கொண்டிருப்பேன். (கடையில் சிவப்பு நெயில் பாலிஷ் கேட்டால் யாருக்கு என்று சிரிப்பார்கள். உண்மையைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள்.) அம்மாவின் போன் வரும்வரை வாய்க்கு வேலையே இருக்காது. கொஞ்ச நாளில் ஓணான்களைப் பெயர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். பேராசிரியர் பார்க்கும் குறிப்பேட்டிலும் அந்தப் பெயர்கள்தான்.

ஆரணியிலிருந்து அம்மா கேட்பாள். "கூட யார்றா இருக்காங்க?"

"நாலு பேர் இருக்கோம்மா. பாஸ்கர்னு ஒருத்தன், ரொம்ப நல்ல மாதிரி."

அந்தப் பொய்க்குத் தினமும் தீனி போட வேண்டியிருந்தது. குறிப்பேட்டிலிருந்தே எடுத்துப் போட்டேன். பாஸ்கர் விடிந்ததும் தண்டால் எடுப்பான். (ஆண் ஓணான்கள் அப்படித்தான் எதிரியை மிரட்டும்.) அதிகம் பேசமாட்டான். பீடி, குடி கிடையாது. இதில் எதுவும் பொய்யில்லை.

ஒருநாள் காலையில் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு கையில் தூக்கு நிறையப் புளிசாதம். இன்னொரு கையில் மஞ்சள் தடவிய கவரில் தங்கை கவிதாவின் ஜாதகம். அன்றைக்கென்று பேராசிரியரும் வந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரிடம் போய்விட்டாள்.

"சார், இந்த பாஸ்கர் தம்பி எப்படிங்க? பொண்ணு குடுக்கலாம்னு இருக்கோம்."

"எந்த பாஸ்கர்மா? இங்க உங்க பையன் ஒருத்தன்தானே..." சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. "ஓ, சிவப்புப் புள்ளி பாஸ்கரா! பெரிய ஆளும்மா. அந்த மரமே அவனுதுதான். மூணு பொண்டாட்டி!"

அம்மா கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அது ஓணான்மா" என்றேன்.

சார் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. அம்மா சிரிக்கவில்லை. அறைக்குள் போய்ப் பார்த்தாள். ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

"மீதி ரெண்டு பேரு?"

"அதுங்களும்தான்."

வெளியே வந்தாள். "எதுடா உன் பாஸ்கரு? காட்டு."

வேலமரத்தைக் காட்டினேன். அங்கே தண்டால் நடந்துகொண்டிருந்தது. அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"ஒல்லியா இருக்கான்" என்றாள். பிறகு, என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "நீயும்தான்."

நான்கு பேருக்கான புளிசாதத்தில் முக்கால்வாசியை எனக்கே ஊட்டாத குறையாகப் போட்டுவிட்டு, சாயங்காலம்தான் பஸ் ஏறினாள்.

கவிதாவுக்கு வேறு நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை தங்கமானவர், ஆனால் காலையில் எழமாட்டார். எட்டு மணிக்கு மேல் போர்வையை உருவிக்கொண்டே இன்றும் அவள் சொல்கிறாள்: "பேசாம அந்த பாஸ்கரையே கட்டியிருக்கலாம்."